இருட்டான சைட்டில் சட்டென்று தெளிவான படம் எடுப்பது எப்படி

கட்டட ஆய்வு அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் படம் ஒன்று உண்டு. கறுப்பும் சாம்பலுமாக ஒரு சதுரம், நடுவில் சிவப்பு அம்புக்குறி, கீழே "விரிசல்" என்று ஒரு வரி. அம்பு காட்டுகிற இடத்தில் விரிசலும் தெரியாது, சுவரும் தெரியாது. எடுத்தவருக்கு மட்டும் அது விரிசல்தான் என்பதில் சந்தேகமே இருக்காது, ஏனென்றால் அவர் அங்கே நின்று கண்ணால் பார்த்தவர். அறிக்கையைப் படிக்கிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பேஸ்மென்ட், லிஃப்ட் குழி, படிக்கட்டுக்கு அடிப்பக்கம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பம்ப் அறை, இன்னும் மின் இணைப்பு வராத மாடிகள் என்று ஆய்வில் அவசியம் பார்த்தாக வேண்டிய இடங்கள் பலவும் இருட்டாகத்தான் இருக்கும். கூட வருகிற ஆட்களோ "அடுத்த மாடிக்குப் போலாமா?" என்று கேட்டபடியே நிற்பார்கள். ஒரு குறைக்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் கிடைக்கும். அதற்குள் உருப்படியான படம் எடுப்பதற்கான வழிமுறையை வரிசையாகச் சொல்கிறேன். கையில் இருப்பது சாதாரண ஸ்மார்ட்போன் என்றே வைத்துக்கொள்வோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா செட்டிங்கைத் திருகிக்கொண்டிருப்பதை விட, ஒரு கைவிளக்கை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று பழகிக்கொள்வதுதான் அதிகப் பலன் தரும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விளக்கை மறந்துவிட்டு, நைட் மோடையும் விலை உயர்ந்த போனையும் நம்புகிறார்கள்.

போன் இருட்டில் என்ன செய்கிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். வெளிச்சம் குறையும்போது போனுக்கு முன்னால் இரண்டே வழிகள்தான். ஒன்று, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது. அப்போது கை அசைவது படத்தில் இழுவையாக விழும். இன்னொன்று, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) ஏற்றிக் கிடைத்த சிக்னலைப் பெருக்குவது. அப்போது படம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வரும். போன் இரண்டையும் கலந்து செய்யும். வந்த நாய்ஸை மறைக்க மென்பொருள் படத்தை வழவழப்பாக்கும்.

ஆய்வுக்குப் போகிறவருக்கு ஆபத்து இந்த வழவழப்பில்தான் இருக்கிறது. முகத்தைப் படமெடுக்கும்போது தோல் சுருக்கம் மறைந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கான்கிரீட்டில் மயிரிழை விரிசலும் அந்த மென்பொருளுக்கு நாய்ஸ் போலத்தான் தெரியும். துடைத்து எறிந்துவிடும். படம் பார்க்கச் சுத்தமாக, அழகாக இருக்கும். விரிசல்தான் அதில் இருக்காது.

நைட் மோடு இதே வேலையை இன்னும் விரிவாகச் செய்கிறது. ஓரிரண்டு விநாடியில், சில சமயம் அதற்கும் மேல், பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. அசையாத சுவருக்கும் அசையாத கைக்கும் அது நல்ல கருவி. ஆடும் சாரத்தின் மேல் நின்றுகொண்டு எடுத்தாலோ, படத்துக்குள் ஆட்கள் நடமாடினாலோ உதவாது. அறை முழுவதும் தெரிகிற அகலப் படத்துக்கு மட்டும் நைட் மோடு, கிட்டத்துப் படத்துக்குக் கைவிளக்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்

வேகமெல்லாம் இங்கேதான் சம்பாதிக்கப்படுகிறது. சைட்டில் நின்றுகொண்டு மெனுவைத் தேடினால் அரை நிமிடம் போனது போனதுதான்.

கேமரா ஆப்பில் தானியங்கி ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். எப்போது அடிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், போன் இல்லை. 48, 50, 108 மெகாபிக்சல் என்று இருக்கும் முழு அளவு மோடை விட்டுவிட்டு வழக்கமான 12 மெகாபிக்சல் அளவுக்கு வாருங்கள். அப்படிப்பட்ட சென்சார்கள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் குறைந்த வெளிச்சத்தைச் சமாளிக்கின்றன. முழு அளவில் எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும், ஃபைலும் பெரிதாகும். வால்யூம் பொத்தானே ஷட்டராக வேலை செய்கிறதா என்று பாருங்கள். கையுறையோடு திரையைத் தட்டுவதை விட அது நம்பகமானது. பூட்டிய திரையிலிருந்தே கேமராவைத் திறக்கும் குறுக்குவழியையும் அமைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை இருமுறை அழுத்தினால் போதும். தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை.

பையில் போட வேண்டியவை அதிகமில்லை. ஒளி பரவலாக விழும் கைவிளக்கு ஒன்று. தூரத்தில் ஒரே புள்ளியாகப் பாயும் ரகம் நடுவில் வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் இருட்டுமாகப் படத்தைக் கெடுத்துவிடும். 300 முதல் 500 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) வரை இருந்தால் கிட்டத்துப் படத்துக்குத் தாராளம். நிறம் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். துருவின் பழுப்பும் ஈரக் கறையின் பழுப்பும் மட்டமான விளக்கில் ஒன்று போலவே இருக்கும். அப்புறம் சின்ன அளவுகோல், சாக்பீஸ், மார்க்கர், நாலைந்து வெள்ளைத் தாள், லென்ஸ் துடைக்க மென்மையான துணி, போனை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை, பவர் பேங்க்.

அந்தத் துணி சட்டைப் பைக்குள்ளேயே இருக்கட்டும், பைக்கு அடியில் வேண்டாம். இருட்டில் எடுத்த படம் மங்கலாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களின் போனை வாங்கிப் பார்த்தால், லென்ஸ் மேல் விரல் எண்ணெய் படிந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரியாது. எதிரில் ஒரு விளக்கு இருந்தால் போதும், படம் முழுவதும் பால் போல் வெளுத்துவிடும். ஏசி வண்டியிலிருந்து இறங்கிப் புழுக்கமான பேஸ்மென்டுக்குள் போனால் லென்ஸில் பனி படரும். துடைத்தாலும் திரும்ப வரும். போனின் சூடு வெளிச் சூட்டுக்கு வரும்வரை சில நிமிடம் பொறுக்கத்தான் வேண்டும். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே வண்டியின் ஏசியை அணைத்துவிடுவது உத்தமம்.

முதலில் கால், அப்புறம் கேமரா

நடக்கும்போது திரையைப் பார்க்காதீர்கள். நின்று, காலடியைப் பார்த்து, பின்பக்கம் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்து, அதற்குப் பிறகே போனை உயர்த்துங்கள். மிகவும் மோசமான அசைவு பின்னால் வைக்கும் அந்த ஒரு அடிதான். "தூண் முழுசா வரலையே" என்று பின்னால் நகர்கிறவர் மூடாத டக்ட் (குழாய்கள் போகும் வழி) ஓட்டையை நோக்கித்தான் நகர்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. பின்னால் போக இடமில்லை என்றால் அகலக் கோண லென்ஸுக்கு மாறுங்கள், அல்லது இரண்டு படமாக எடுங்கள்.

எரிவாயு, கரைப்பான் ஆவி, வெடிக்கக்கூடிய தூசி இருக்கும் இடங்களில் சாதாரண போனை வெளியே எடுக்கவே கூடாது. அங்கே அதற்கென்று சான்று பெற்ற கருவிகள் மட்டும்தான்; அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே உள்ளே போக வேண்டும். ஒரு படத்துக்காக மூடிய தொட்டிக்குள் தலையை நுழைப்பதும், மின் பேனலைத் திறந்து விளக்கோடு கையை உள்ளே விடுவதும் வேண்டவே வேண்டாம். வெல்டிங் நடக்கும்போது அந்த ஒளியை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். சக்திவாய்ந்த லேசர் நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் சென்சாரில் நிரந்தரமாகப் புள்ளி விழுந்துவிடக்கூடும்.

ஒரு குறைக்கு நான்கு படம்

முதல் படம் இடத்தைச் சொல்வது. ஒரு தாளில் மாடி, அறை, கிரிட் எண் (வரைபடத்தின் கட்டக் கோட்டு எண்), தூண் எண் இவற்றைப் பெரிதாக எழுதி அதையே ஒரு படம் எடுங்கள். தூணிலேயே எண் எழுதியிருந்தால் அதை எடுத்தாலும் சரி. பேஸ்மென்டுக்குள் ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது. கடைசியாகக் கிடைத்த இடத்தையே குறித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும், நீங்களும் கவனிக்க மாட்டீர்கள்.

இரண்டாவது, அகலப் படம். கதவு, ஜன்னல், தூண் போல அடையாளம் தெரிகிற ஏதாவது ஒன்று இதில் இருக்க வேண்டும். மூன்றாவது இடைத் தூரத்தில், குறை எந்த உறுப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுவதற்கு. நான்காவது கிட்டத்தில், அளவுகோலோடு. அளவுகோல் எதையாவது மறைக்கிறது என்று தோன்றினால் அது இல்லாமல் இன்னொன்று.

கிட்டத்துப் படம் ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு. 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் சுமார் 4,000 பிக்சல். நான்கு மீட்டர் அகலச் சுவரை ஒரே படத்துக்குள் அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல்தான் கிடைக்கும். சாதாரணச் சூழலில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பல விதிநூல்கள் வைக்கிற விரிசல் எல்லை 0.3 மில்லிமீட்டர். ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு. அதை எங்கிருந்து பார்ப்பது? படத்தின் அகலம் 40 சென்டிமீட்டர் ஆகும்படி நெருங்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல், அதே விரிசலுக்கு 3 பிக்சல். இப்போது கோடு தெரியும். பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸில் இதற்குச் சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். அதையும் விட மிக நெருங்கினால் ஃபோகஸ் கிடைக்காது. பெரிய சென்சார் உள்ள சில போன்கள் 20 சென்டிமீட்டருக்குள் திணறும்.

நெருங்கும்போது இன்னொரு வேடிக்கையும் நடக்கும். சில போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் அகலக் கோண லென்ஸுக்கு மாறி மேக்ரோ (மிகக் கிட்டத்துப் படம்) என்று எடுக்க ஆரம்பிக்கும். பல போன்களில் அந்த லென்ஸ் வாங்கும் வெளிச்சம் குறைவு. போதாததற்கு உங்கள் கையும் போனும் சேர்ந்து சுவர் மேல் நிழலை வேறு போடும். மேக்ரோவை அணைத்துவிட்டுக் கொஞ்சம் விலகி நின்று எடுப்பது மேல். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸும் அப்படித்தான். இருட்டில் ஜூமைத் தொட்டால் பல போன்கள் முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். கால் போகக்கூடிய இடத்துக்கு ஜூம் வேண்டாம்.

விளக்கை எங்கே பிடிப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு குறைக்கும் விளக்கின் இடம் மாறும்.

விரிசல், பூச்சு உப்பல், சமமில்லாத மேற்பரப்பு, டைல் ஏற்ற இறக்கம் இவற்றுக்கெல்லாம் விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல், பக்கவாட்டில் பிடியுங்கள். ஒளி சுவரைத் தடவிக்கொண்டு போக வேண்டும். சுவருக்கும் ஒளிக்கும் இடையே 15, 20 டிகிரி கோணம் இருந்தால் போதும். சாயங்கால வெயிலில் மண் தரையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழலோடு தெரிவது போல, விரிசலின் ஓரமும் நிழல் பிடித்துக் கோடாக எழுந்து நிற்கும். கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே ஒளி வர வேண்டும். செங்குத்து விரிசலுக்கு இடமோ வலமோ. படுக்கை விரிசலுக்கு மேலிருந்தோ கீழிருந்தோ. அதே இடத்தைப் போனின் ஃப்ளாஷால் நேருக்கு நேர் அடித்துப் பாருங்கள். நிழல் எல்லாம் அழிந்து சுவர் தட்டையாக வெளுத்துக் கிடக்கும். விளக்கை மெதுவாக ஒரு அரைவட்டம் சுற்றிப் பார்த்தால் எந்த இடத்தில் குறை துலங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். அங்கே நிறுத்தி எடுங்கள்.

பக்கவாட்டு ஒளிக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. சின்னச் சொரசொரப்பையும் பெரிய பள்ளம் மாதிரி காட்டிவிடும். ஒப்பந்ததாரர் அந்தப் படத்தைப் பார்த்து "விளக்கை இப்படிப் பிடித்தால் எந்தச் சுவரும் மோசமாகத்தான் தெரியும்" என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அதனால் பொது வெளிச்சத்திலும் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், அளவையும் எழுதுங்கள்.

ஈரத்துக்கும் கசிவுக்கும் விதி வேறு. ஈரமான இடம் பளபளக்கும், காய்ந்த இடம் பளபளக்காது. விளக்கின் ஒளி சுவரில் பட்டு உங்கள் லென்ஸை நோக்கித் திரும்பி வருகிற மாதிரி நின்றால் ஈரத்தின் எல்லை வரைந்து வைத்தது போலத் தெரியும். மற்ற இடங்களில் தவிர்க்கச் சொல்கிற அதே பளபளப்பு இங்கே நமக்கு வேண்டும்.

பெயர்த் தகடு, சீரியல் நம்பர், பிரஷர் கேஜ் இவை உலோகமும் கண்ணாடியும். நேராக எடுத்தால் விளக்கின் வெள்ளைப் பொட்டு சரியாக நாம் படிக்க வேண்டிய எண்ணின் மேலேதான் வந்து உட்காரும். விளக்கை 45 டிகிரி பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள், அல்லது நீங்கள் ஒரு சாண் நகர்ந்து லேசாகச் சாய்ந்த கோணத்தில் எடுங்கள். பொறித்த எழுத்து தேய்ந்து போயிருந்தால் விரிசலுக்குச் சொன்ன பக்கவாட்டு ஒளி கைகொடுக்கும். கேஜின் முள்ளைப் படிக்கிற படம் மட்டும் நேராகவே இருக்க வேண்டும், சாய்ந்து எடுத்தால் அளவு தவறாகத் தெரியும். அங்கே நகர வேண்டியது விளக்குதான்.

கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பிக் கட்டைப் படமெடுப்பது தனிக் கதை. போட்ட பிறகு திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் இந்தப் படங்களில் கஞ்சத்தனம் கூடாது. ஒற்றை விளக்கைக் கூர்மையாக அடித்தால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கறுப்பு நிழல் விழுந்து, கம்பி எது நிழல் எது என்று எண்ணவே முடியாமல் போகும். இங்கே மென்மையான ஒளி வேண்டும். வெள்ளைத் தாளை விளக்கின் முன்னால் ஓர் அங்குலம் தள்ளிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் விளக்கைப் பக்கத்து வெள்ளைச் சுவரிலோ பிளைவுட் பலகையிலோ அடித்து அது எதிரொளிப்பதைப் பயன்படுத்துங்கள். டேப்பை விரித்துக் கம்பிகளின் மேல் வைத்து, இடைவெளியும் எண்ணும் சேர்ந்து தெரிகிற மாதிரி மேலிருந்து நேராக ஒன்று எடுங்கள். கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் இடைவெளி விட வைக்கும் கட்டை) தெரிகிற மாதிரி தரையோடு தாழ்ந்து பக்கவாட்டிலிருந்து இன்னொன்று. இரும்பு டேப் பளபளத்தால் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

குழாய் ஓட்டை, ஹனிகூம்பின் (கான்கிரீட் சரியாக நிரம்பாமல் விழுந்த பொந்துகளின்) ஆழம், டக்டின் உட்புறம் இவற்றுக்கு மட்டும் விளக்கு லென்ஸை ஒட்டியே இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து அடித்தால் ஒளி வாயிலேயே நின்றுவிடும், உள்ளே போகாது. போனின் சொந்த விளக்கு உண்மையில் உதவுகிற இடம் இதுதான். ஃப்ளாஷாக அடிக்காமல் டார்ச்சாக எரியவிட்டால் என்ன தெரியப்போகிறது என்று திரையிலேயே பார்த்துவிடலாம். அந்த விளக்கின் வீச்சும் ஓரிரு மீட்டரோடு சரி. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சீலிங்குக்கு ஃப்ளாஷ் அடிப்பது வீண்.

விளக்கை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பதிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தூரத்தைப் பாதியாக்கினால் விழுகிற வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அதனால் சின்ன விளக்கே கிட்டத்தில் போதும். கூட வருகிறவர் சும்மாதான் நிற்கிறார். அவர் கையில் விளக்கைக் கொடுத்து "இங்கே, இப்படி" என்று இடத்தைக் காட்டினால் உங்கள் இரண்டு கையும் போனுக்குக் கிடைத்துவிடும். காத்திருக்கிற எரிச்சலும் அவருக்குக் குறையும்.

கெடுக்கும் மூன்று விஷயங்கள்

துளை போட்டதும் டைல் வெட்டியதும் தூசி பறக்கும். அப்போது ஃப்ளாஷ் அடித்தால் லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் ஒவ்வொரு துகளும் வெள்ளை வட்டமாகப் பதியும். சிலர் அதைச் சுவரில் உள்ள கறை என்று நினைத்து அறிக்கையிலும் எழுதிவிடுகிறார்கள். விளக்கை லென்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது, பாதுகாப்பு உடையின் ஒளிரும் பட்டை. அது வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதற்கென்றே செய்தது. படத்துக்குள் ஒருவர் அந்த உடையோடு நின்றால் பட்டை நெருப்பாக ஒளிரும், போன் அதைப் பார்த்து மிரண்டு மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கும். ஆளைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது உங்கள் ஹெல்மெட் விளக்கு. நடக்க அது வேண்டும். எடுக்கும்போது அதன் ஒளி லென்ஸ் பார்க்கும் திசையிலேயே விழுவதால் நேர் ஃப்ளாஷின் எல்லாக் குறையும் அதற்கும் உண்டு. மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள்.

அழுத்தும் நேரம்

நின்றாயிற்று, விளக்கும் சரியான இடத்தில் இருக்கிறது. இனி நாலைந்து விநாடி வேலைதான்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள். பக்கத்தில் தூணோ சுவரோ இருந்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். போனின் விளிம்பையே சுவரில் பதித்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. திரையில் குறை இருக்கும் இடத்தை விரலால் சில கணம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இருட்டில் ஃபோகஸ் அங்கும் இங்கும் அலைகிறது என்றால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், அல்லது அளவுகோலின் ஓரத்தில் ஃபோகஸ் வையுங்கள். வெற்றுச் சாம்பல் சுவரில் போனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதால்தான் அது அலைகிறது.

பூட்டிய பிறகு வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். விளக்கு பட்ட இடம் வெளுத்துப் போனால் அங்கிருந்த விவரம் திரும்பி வராது. கொஞ்சம் இருட்டாக இருக்கும் படத்தை வெளுத்ததை விடப் பின்னால் எளிதாகச் சரிசெய்யலாம். மூச்சை விட்டு, விட்ட இடத்தில் நிறுத்தி, பொத்தானை அழுத்துங்கள். உடனே கையை இறக்காதீர்கள். ஒரு விநாடி அப்படியே. இரண்டு மூன்று படம் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள், ஒன்றாவது கூர்மையாக விழும்.

எதிரில் ஜன்னலோ கதவோ இருந்தால் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போன் உட்புறத்தைக் கறுப்பாக்கும். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி இடம் மாறி நில்லுங்கள். முடியாவிட்டால் ஜன்னல் படத்தில் வராத மாதிரி நெருங்குங்கள்.

புரோ மோடு (கேமரா அளவுகளை நாமே வைக்கும் முறை) பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தொடக்க அளவு: விளக்கோடு கிட்டத்துப் படத்துக்கு ஷட்டர் 1/50 அல்லது 1/60 விநாடி, ஐஎஸ்ஓ 400க்குள், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) விளக்குக்கு ஏற்றபடி பூட்டியது. தற்காலிக எல்இடி விளக்குகள் எரிகிற இடத்தில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் அது விளக்கு துடிப்பதால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அப்படிப்பட்ட விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்கினால் பட்டை பெரும்பாலும் மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120. இதெல்லாம் தலைவலி என்று நினைப்பவர்கள் ஆட்டோவிலேயே இருக்கலாம். விளக்கைச் சரியாகப் பிடித்தவருக்கு ஆட்டோ பெரும்பாலும் துரோகம் செய்வதில்லை.

வீடியோ எடுத்துவிட்டு அதிலிருந்து படம் பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். 4கே வீடியோவின் ஒரு சட்டகம் சுமார் 8 மெகாபிக்சல்தான், அதுவும் அழுத்திச் சுருக்கப்பட்டது, நடந்துகொண்டே எடுத்ததால் இழுபட்டது. அறைகளின் வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வீடியோ எடுங்கள், குறைக்குப் படம்தான்.

நகர்வதற்கு முன் ஒரு பார்வை

இருட்டில் போன் திரை நம்மை ஏமாற்றும். கண் இருட்டுக்குப் பழகியிருக்கும்போது மங்கலான படமும் பிரகாசமாகத் தெரியும். அலுவலகத்தில், சுமார் 500 லக்ஸ் வெளிச்சத்தில் கணினியில் திறந்தால் அதே படம் கரிப்பலகை. அதனால் மொத்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலால் முழுவதும் பெரிதாக்கி, அளவுகோலின் மில்லிமீட்டர் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் ஃபோகஸ் சரி, அசைவு இல்லை, வெளிச்சமும் போதும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே இன்னொன்று எடுங்கள். மூன்று விநாடியில் முடிகிற இந்தச் சோதனைக்காகத்தான் அளவுகோலைப் படத்துக்குள் வைக்கச் சொல்வதே; அளவு காட்டுவது அதன் இரண்டாவது வேலை என்று கூட எனக்குத் தோன்றுவதுண்டு.

சரியில்லாத படங்களைச் சைட்டிலேயே அழிக்க உட்காராதீர்கள். நேரம் போகும், அவசரத்தில் நல்லதையும் அழித்துவிடுவோம்.

வெளியே வந்த பிறகு

அன்றைக்கே படங்களை இறக்கிவிடுங்கள். மறுநாள் பார்த்தால் எல்லாத் தூணும் ஒரே தூண்தான். முதலில் எடுத்த இடக் குறிப்புப் படங்கள் ஒவ்வொரு தொகுதியையும் பிரித்துக் காட்டும். அதை வைத்து மாடி வாரியாக ஃபோல்டர் போட்டு, தேதி, மாடி, தூண் எண் என்ற வரிசையில் பெயர் மாற்றுங்கள்.

மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். அம்புக்குறி, வட்டம், வெளிச்சத்தை ஏற்றுவது, வெட்டுவது எல்லாம் நகலில். விரிசலின் நிறத்தையோ மாறுபாட்டையோ தூக்கிக் காட்டும் அளவுக்குத் திருத்தினால் அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்; பின்னால் தகராறு வந்தால் மூலமும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும். தானாகவே கூர்மையாக்குகிற, பெரிதாக்குகிற ஏஐ ஆப்களை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். இல்லாத விவரத்தை அவை தாமாகவே வரைந்து நிரப்பும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்கும், படம் எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள் விவரங்களும் போய்விடும். டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள், அல்லது கிளவுட் ஃபோல்டரில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். குழுவில் உடனே காட்ட வேண்டுமென்றால் சுருங்கிய படத்தை அனுப்பலாம், ஆனால் அறிக்கைக்குள் அதையே திரும்ப எடுத்து ஒட்டாதீர்கள்.